ஆக்டோபஸ் சந்தில் பெண் பார்த்தது

என் மகள் இனிமேல் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பெண் பார்க்க யாராவது வந்தால் புடவை கட்டி, தட்டில் கேசரியும் காப்பியும் ஏந்தி வந்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்கிற அந்த வேலை இனி நடக்காதாம். இரண்டு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டாள். முதலில் வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள் போலிருக்கிறது. அடுத்து வந்த அம்மாள் என் கேசரியைத் தொடாமலே, பெண் இன்னும் கொஞ்சம் நிறமாக இருந்திருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை என்று என் ஹாலிலேயே சொன்னாள். அவளை நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மகளுக்கு வயது முப்பத்தொன்று. சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கிறாள். விடியுமுன் கடல்மேல் இருக்கிற எல்லைப் பாலத்தைக் கடந்து போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவள். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு தோழி ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பையன் இருப்பதாகச் சொன்னாள். பையனுக்கும் சிங்கப்பூரில்தான் வேலை, மின்தூக்கி பழுது பார்க்கிறானாம். நான் பயந்துகொண்டேதான் மகளிடம் பேச்சை எடுத்தேன்.

"சரி, பாக்கறேன்மா," என்றாள். "ஆனா வீட்டுல இல்ல. நடந்துகிட்டே பாக்கறேன். நம்ம ஜேபி டவுன்ல சுவரு சுவரா கடல் வரைஞ்சு வச்சிருக்காங்க. கைடெல்லாம் கிடையாது, நாமளே நடந்து பாத்துக்கறது. அவரும் நடக்கட்டும். நீங்க எல்லாம் பின்னாடி வாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் முடிவு நான் சொல்வேன். எப்ப தோணுதோ அப்ப. அது வரைக்கும் ரெண்டு வீடும் இதப் பத்தி ஒரு வார்த்த பேசிக்கக் கூடாது. போனும் கூடாது. நீங்க பெரியவங்களா சேந்து முடிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சுது, இதுதான் கடைசிமா. அப்புறம் எங்கிட்ட கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க."

ஒன்று சொன்னால் அதிலேயே நிற்பாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்பதுபோல் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கடைத்தெரு முனையில் கூடினோம். அங்கே ஒரு கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அதன் பக்கச் சுவர் முழுக்க, மூன்று மாடி உயரத்துக்கு ஓர் ஆமை நீந்திக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே பையன் வீட்டார் நின்றிருந்தார்கள். அப்பா லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல ஆகிருதி, அதற்கேற்ற குரல். அம்மா ஒல்லி, தோளில் ஒரு பெரிய பிளாஸ்க்கைத் தொங்கவிட்டிருந்தார். பையன் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் இருந்தான்.

இருபது வருடத்துக்கு மேலாக நான் தொழிற்சாலை லைனில் நின்று சரக்கைச் சோதித்து அனுப்புகிறவள். குறை இல்லாத பொருளே கிடையாது, கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பையனையும் அப்படித்தான் பார்த்தேன். காலர் சுத்தம். சப்பாத்து பழசு, ஆனால் துடைத்திருந்தது. கையைப் பார்த்தேன். கிரீஸில் புழங்குகிற கை அது, ஆனால் நகக்கண்ணில் கறுப்பே இல்லை. விரல் முட்டிகள் மட்டும் சிவந்திருந்தன, அவ்வளவு தேய்த்துக் கழுவியிருக்கிறான். அங்கேயே எனக்குப் பாதி மனசு இளகிவிட்டது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"வணக்கம் ஆன்ட்டி, வணக்கம் அங்கிள்," என்றான். பிறகு என் மகளைப் பார்த்து, "போலாமா?" என்றான். அவ்வளவுதான். இருவரும் முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள்.

வழி காட்டுவதற்கென்று நடைபாதையில் ஆங்காங்கே ஒரு சிறிய நீல மீனை வரைந்து வைத்திருக்கிறார்கள். மீனின் தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போக வேண்டும். பிள்ளைகள் போனில் வரைபடம் வைத்திருந்தார்கள். நாங்கள் மீனை நம்பினோம். என் வீட்டுக்காரருக்கு இது ரொம்பவே பிடித்துப்போயிற்று. "அதோ அடுத்த மீனு!" என்று கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனார். வந்த காரியம் அவருக்கு மறந்தே போய்விட்டது. பையனின் அப்பாவும் அவருக்குச் சரியான ஜோடி, ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் நெஞ்சை நிமிர்த்தி நின்று படம் எடுக்கச் சொன்னார். சுறாவோடு ஒன்று, நண்டோடு ஒன்று.

பெண்கள் நாங்கள் இருவரும் பின்னால் வந்தோம். பேசுவதற்கு எங்களுக்கு ஒன்றும் இல்லை. இல்லை, நிறைய இருந்தது. எதையும் பேசக் கூடாது என்று இரண்டு பக்கமும் உத்தரவு.

"வெயில் அதிகந்தான்," என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க. மழ வரும்போல."

"வந்தா நல்லதுதான்."

"ஆமாங்க."

கொஞ்ச தூரம் போனோம். மறுபடி வெயிலைப் பற்றிப் பேசினோம்.

ஆனாலும் சொல்ல வேண்டும், எனக்கு அந்தக் காலைநேரம் பிடித்திருந்தது. ஓவியம் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அழுக்குத் தண்ணீர் வழிந்த கறையை அப்படியே விட்டு, அதையே கடற்பாசியாக வரைந்திருந்தார்கள். ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கடல்குதிரை வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தது. மூடிய கடைகளின் இரும்புக் கதவுகளில் மீன்கூட்டம், கடை திறந்தால் மீன்கள் சுருண்டு மேலே போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். கடல் என்னவோ நாலு எட்டில்தான் இருக்கிறது, கட்டடங்களும் பெரிய சாலையும் மறைத்துவிட்டன. இந்த ஊரில் பாதிப் பேர் தினமும் கடலைக் கடந்துதான் வேலைக்குப் போகிறோம், யாரும் நின்று பார்ப்பதில்லை. நெரிசலில் முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகைத்தான் பார்க்கிறோம்.

நானும் அன்று முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், என் மகளின் முதுகை. எனக்கு அதைப் படிக்கத் தெரியும். முதல் தெருவில் அது விறைப்பாக இருந்தது. கடல்குதிரை அருகே அவன் என்னவோ கேட்டான், அவள் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். பிடிக்காதவர்களிடம் அவள் கையை ஆட்ட மாட்டாள். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. சம்பந்தம் பேசி முடிகிறவரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. அவர்கள் வீட்டுச் சோற்றை மட்டும் இல்லை, தண்ணீரையும் தொடக் கூடாது. தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். இனிப்பு என்றால் கேட்கவே வேண்டாம், கையெழுத்துப் போட்ட மாதிரி. இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் பார்க்கிறோம். அந்த அம்மாவும் பார்க்கிறவர்தான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வெயிலிலும் தோளில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, ஒரு வாய் குடிக்கிறீர்களா என்று என்னை அவர் கேட்கவே இல்லை. கேட்டு நான் மறுக்கிற சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். விவரமானவர் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். நானும் என் தண்ணீரை நானே கொண்டு போயிருந்தேன்.

ஒரு முனையில் பிள்ளைகள் திரும்பினார்கள். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர்களைக் காணவில்லை. தரையில் மீன் மட்டும் இருந்தது, இடது பக்கம் பார்த்துக்கொண்டு.

"இந்தப் பக்கந்தான்," என்றார் வீட்டுக்காரர்.

அந்த மீன் வரைந்திருந்தது வடிகால் மூடியின் மேல். யாரோ சாக்கடை அள்ளியிருக்கிறார்கள், அள்ளிவிட்டு மூடியைத் திசை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தரையில் பாதி வாலும் மூடியில் பாதி வாலும் ஒட்டாமல் கிடந்ததை நான்தான் கவனித்திருக்க வேண்டும், அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன். ஆனால் என் கண் மகளைத் தேடிக்கொண்டிருந்தது. இடது பக்கமே போனோம். இரண்டு சந்து சுற்றியும் பிள்ளைகள் இல்லை. மூன்றாவது சந்து கடைகளின் பின்பக்கம். அங்கே ஓர் ஆக்டோபஸ் மட்டும் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏழு காலுதான் இருக்கு," என்றேன்.

"எட்டாவது ஏர்கோன் பொட்டிக்குப் பின்னால இருக்குங்க," என்றார் அந்த அம்மா. அவரும் எண்ணியிருக்கிறார்.

அப்போதுதான் வீட்டுக்காரர் பேச்சில்லாமல் நிற்பதைக் கவனித்தேன். மீன் மீன் என்று கத்திக்கொண்டு வந்த மனுஷன் சுவரில் ஒரு கையை ஊன்றியிருந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. தொட்டால் கை ஜில்லென்று இருந்தது, விரல்கள் நடுங்கின. காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, பதற்றத்தில் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர் அவர்.

"சுகர் இறங்கிடுச்சு," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

என் கைப்பையில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. மிட்டாய் வைத்திருந்தால் தேடிப் பிடித்துத் தின்றுவிடுவார் என்று நான் எதுவும் வைப்பதில்லை. சந்தில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. பையனின் அப்பா கடை தேடி ஒரு பக்கம் ஓடினார். அந்த அம்மா பிளாஸ்க்கைத் திறந்தார். மூடியில் ஊற்றினார். பார்லித் தண்ணீர், கல்கண்டு போட்டுக் காய்ச்சியது, வாசனையிலேயே தெரிந்தது. ஊற்றியவர் நீட்டாமல் நின்றார். நான் வாங்காமல் நின்றேன். எங்கள் இருவர் மனதிலும் ஒரே கணக்கு ஓடியது. அவர் மகனும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, என் மகளும் சொல்லவில்லை.

"இது எங்க வீடு இல்லீங்களே," என்றார் மெதுவாக. "ரோடுதானே."

"இனிப்பாங்க?"

"இனிப்புதாங்க. இனிப்புதானே இப்ப வேணும்."

"குடுங்க," என்றேன். வாங்கி நானே வீட்டுக்காரர் வாயில் வைத்தேன். குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். இன்னொன்று ஊற்றினோம். அதையும் குடித்தார். படியில் உட்காரவைத்து நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. தெளிந்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நல்லா இருக்குங்க பார்லி. இன்னும் இருக்கா?"

கடை தேடிப் போன பையனின் அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தது அந்த நேரத்தில்தான். வந்தவர் பார்த்தது என்ன? இவர் கையில் தன் வீட்டு மூடி, வாயோரத்தில் பார்லி, முகத்தில் சிரிப்பு. ஆபத்து விலகிய சந்தோஷமும் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது. லாரியின் ஹாரன் மாதிரி ஒரு குரல் எடுத்தார்.

"அலாமா! கை நனச்சாச்சா! அப்ப நாம சம்மந்தி ஆயாச்சு!"

சந்தின் மறுமுனையில் என் மகள் நின்றிருந்தாள். பக்கத்தில் அவன். எங்களைக் காணாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அவள் முகம் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். கோபம்கூட இல்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஹாலிலிருந்து உள்ளே போனாளே, அன்றைக்கு இருந்த அதே முகம். திரும்பி நடக்க ஆரம்பித்தாள். இவ்வளவு நல்லபடியாகப் போன ஒரு காலை, ஒரே வார்த்தையில் போயிற்று என்று நினைத்தேன்.

"அப்பாவுக்கு சுகர் இறங்கிடுச்சுடி!" என்று கத்தினேன்.

திரும்பி ஓடிவந்தாள். மகள் ஓடிவந்தாள் என்பதைவிடத் தாதி ஓடிவந்தாள் என்பதுதான் சரி. மண்டியிட்டு நாடியைப் பிடித்தாள், கண்ணைப் பார்த்தாள், என்ன குடித்தார், எவ்வளவு, எப்போது என்று கேட்டாள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் எழுந்து நின்றாள்.

"பார்லி யாரு குடுத்தா?"

"நாந்தாம்மா," என்றார் அந்த அம்மா.

"தேங்க்ஸ் ஆன்ட்டி. சம்மந்தின்னு சொன்னது யாரு?"

பையனின் அப்பா ஆக்டோபஸை உற்றுப் பார்த்தார்.

"யாரு சொன்னா என்ன?" என்று நான் குறுக்கே புகுந்தேன். "நான்தான் வாங்கிக் குடுத்தேன். உங்கப்பா உசுரு எனக்குப் பெருசு. ஒரு மூடி பார்லிக்கு உன்ன யாரும் கட்டிக் குடுக்கலடி. நீ வேணாம்னா வேணாம், இங்கயே சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போலாம்." அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பையன் பேசினான். அதுவரை அவன் குரலையே நான் சரியாகக் கேட்டிருக்கவில்லை.

"அப்பா," என்றான். "அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல. நானும் இன்னும் ஒண்ணும் சொல்லல."

நானுமா? எனக்குச் சுருக்கென்று வந்தது. இவள் யோசிக்கலாம், அது நியாயம். இவன் யோசிக்க என்ன இருக்கிறது? என் மகளுக்கு என்ன குறை? அதை அப்படியே கேட்டுவிட வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அவனும் சிரித்தான். எங்கள் நாலு பேருக்கும் எதற்கென்று புரியவில்லை.

பிறகு யோசித்தபோது எனக்குக் கொஞ்சம் விளங்கிற்று. இதுவரை வந்தவர்கள் எல்லாம் இவளை எடை போட்டார்கள், இவள் பதிலை யாரும் கேட்டதில்லை. இவன் தன் பதிலையும் இவள் பதிலையும் ஒரே தட்டில் வைத்தான். எனக்குக் குறையாகத் தெரிந்தது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சோதித்து அனுப்புகிற கண்ணுக்கு இப்படியும் ஒன்று தப்பிப்போகும் போலிருக்கிறது.

அன்று மீதிச் சுவர்களையும் பார்த்தோம். வீட்டுக்காரரை மகள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள், அவன் இன்னொரு பக்கம் நடந்தான். பையனின் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் வந்தார், அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தாலே தெரிந்தது. பிரியும்போது யாரும் எதையும் கேட்கவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தி, "வெயில் அதிகந்தான்," என்றார்.

அந்த வாரம் முழுக்க நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், குளித்தாள், சாப்பிட்டாள், போனைப் பார்த்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. தொழிற்சாலைத் தோழி, என்ன ஆச்சு என்று தினம் கேட்டாள். மழை வருமா என்று அவளிடமும் வானிலையையே பேசினேன். அடுப்படியில் எனக்குத் தனியாகப் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. கேட்டால் கெடும், கேட்காவிட்டால் நான் கெட்டுவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொறுத்துக்கோ," என்றார். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறவர்கள் சொல்வது சுலபம்.

மறு ஞாயிறு காலையில் மகள் கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"டவுனுக்கும்மா. அவரோட."

"நாங்க பின்னாடி வரட்டுமா?" அந்தக் கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"நீங்க வேணாம்மா."

வீட்டுக்காரரின் முகம் வாடிவிட்டது. அவர் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார். எனக்கோ உள்ளே என்னவோ பொங்கியது. என் பிள்ளை என்னை வேண்டாம் என்று சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. அதைக் காட்டிவிடக் கூடாதே என்று ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன்.

வாசல் வரை போனவள் நின்றாள். சாவியைப் பையில் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டே சொன்னாள்.

"அவங்க அம்மாகிட்ட நீ வேணும்னா போன் பேசலாம்."

துணி என் கையிலேயே நின்றுவிட்டது. "எதப் பத்தி?"

"எதப் பத்தி வேணும்னாலும்," என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அவள் கார் தெருமுனை திரும்பும் வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார் அந்த அம்மா. அவர் மகனும் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. "நாந்தாங்க," என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தபடியே அழுதுகொண்டிருந்தார்.